மூன்று லட்ச ரூபாய் வாட்சும் ஒரு ரப்பர் வளையமும்

போன ஆடி மாசத்தில் ஒரு சனிக்கிழமை, கடை சாத்துகிற நேரம். ஒரு தம்பி வந்து நின்றார். முப்பது வயசுக்குள் இருக்கும். சட்டைப்பையிலிருந்து ஒரு கைக்குட்டைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, உள்ளே இருந்த வாட்சை இரண்டு கையாலும் என் மேஜை மேல் வைத்தார். கண்ணாடியின் உள்பக்கம் பனி பிடித்திருந்தது. டயலில் நாலு மணிக்குப் பக்கத்தில் கடுகு அளவில் இரண்டு நீர்த்துளி.

"அண்ணே, இது நூறு மீட்டர் வாட்டர் ப்ரூஃப். சிங்கப்பூர்ல வாங்குனது, மூணு லட்சம். குற்றாலத்துல அருவியில நின்னேன், அவ்வளவுதான். நூறு மீட்டர் ஆழத்துக்கா போனேன்?"

கூடப் பிறந்தவன் ஏமாற்றிவிட்ட மாதிரி ஒரு குரல். விசாரித்தேன். ஷிப்யார்டில் ஆறு வருஷ வேலை, ஓவர்டைம் காசு. அக்கா கல்யாணமும் வீட்டுக் கடனும் முடிந்த பிறகு தனக்கென்று வாங்கிக்கொண்ட முதல் பொருள் அந்த வாட்ச். நாலு வருஷமாகக் கட்டுகிறார். அருவியில் குளித்தது செவ்வாய்க்கிழமை. கடையைத் தேடி வந்தது சனிக்கிழமை.

நான் கேட்டேன்: "தம்பி, நாலு நாள் என்ன பண்ணீங்க?"

"அரிசி டப்பாவுல போட்டு வச்சேன்ணே."

இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்த அரிசி டப்பாதான். அவருக்கு வாட்சின் மேல் அக்கறை இல்லாமல் இல்லை, நிறையவே இருந்தது. ஆனால் மூணு லட்சம் கொடுத்தாச்சு, இதற்கு ஒன்றும் ஆகாது, ஏதாவது ஆனாலும் தானே சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. வருஷத்துக்கு வருஷம் இந்த நம்பிக்கையோடு வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். ஆயிரம் ரூபாய் வாட்சைப் பத்திரமாகக் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கிறவர்கள், லட்ச ரூபாய் வாட்சோடு நீச்சல் குளத்தில் குதிக்கிறார்கள்.

என் கடை திருச்சியில், தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில். கடை என்றால் ஒரு மேஜை, ஒரு விளக்கு, நாலு டிராயர். அப்பா போட்ட மேஜை அது. 1993லிருந்து நான் உட்கார்ந்திருக்கிறேன். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடாவுக்கும் விமானம் போகிற ஊர் என்பதால், மற்ற ஊர் மேஜைகளில் பார்க்க முடியாத வாட்சுகள்கூட இங்கே வந்து சேரும்.

அந்தத் தம்பியின் வாட்சை அப்போதே திறந்தேன். தண்ணீர் போன வாட்சை மறுநாளைக்கு வைக்கக் கூடாது. சின்னதைப் பெரிதாகக் காட்டுகிற கண் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்மூடியைத் திருகிக் கழற்றினேன். ஈரச் சுவர் மாதிரி ஒரு வாடை வந்தது. ரோட்டர், அதாவது கையை அசைக்கும்போது சுற்றி சாவி ஏற்றுகிற அந்த அரைவட்டத் தகடு, பளபளவென்று புதுசு மாதிரி இருந்தது. அதை எடுத்துவிட்டுப் பக்கவாட்டில் பார்த்தேன். நேரம் திருத்துகிற சாவியிலிருந்து உள்ளே போகும் ஸ்டெம் என்கிற தண்டு முழுக்கப் பழுப்பு. அதைச் சுற்றி மிளகாய்ப்பொடி தூவின மாதிரி துருத்தூள். அந்தத் தூள் பக்கத்து சக்கரத்தின் பல்லிடுக்கிலும் ஏறியிருந்தது. அருவித் தண்ணீர் நல்ல தண்ணீர் என்பதால் இதோடு போயிற்று. கடல் தண்ணீராக இருந்தால் நாலு நாளில் மிஷினையே தூக்கிப் போட வேண்டியிருக்கும்.

தண்ணீர் எப்படிப் போனது? சாவியைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது. திருகி மூடுகிற வகைச் சாவி அது. தேதி மாற்றிவிட்டு அழுத்தி மட்டும் விட்டிருக்கிறார், திருகவில்லை. திருகாவிட்டாலும் சாவிக்குள் ஒரு சின்ன ரப்பர் வளையம் காவல் இருக்கும். நாலு வருஷ வியர்வையிலும் சோப்பிலும் அது தட்டையாகி, மேல்பக்கம் விறைத்துப் போயிருந்தது. ஊசி முனையில் எடுத்து அவரிடம் காட்டினேன். ஐம்பது ரூபாய்கூடப் பெறாத பொருள்.

"இதுதானாண்ணே?" என்றார். இன்னொரு தடவையும் அதையே கேட்டார்.

நூறு மீட்டர் கணக்கைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைக்கு வருகிற சண்டையில் பாதி இதை வைத்துத்தான். அவர் வாட்சின் பின்மூடியில் இருந்தது 'வாட்டர் ரெசிஸ்டன்ட்', தண்ணீரை ஓரளவு எதிர்க்கும் என்றுதான் அர்த்தம். எல்லாரும் அதை 'வாட்டர் ப்ரூஃப்' என்றே வாசிக்கிறார்கள். மீட்டர் கணக்கு உண்மையில் அழுத்தக் கணக்கு. நூறு மீட்டர் என்றால் அந்த ஆழத்தில் அசையாமல் நிற்கிற தண்ணீர் கொடுக்கும் பத்து பார் அழுத்தம். சாதாரணக் கைக்கடிகாரத்துக்கான சர்வதேசத் தரம் ஐ.எஸ்.ஓ. 22810, அது 2010ல் வந்தது. கடலில் முக்குளிக்கிறவர்கள் கட்டுகிற வாட்சுக்குத் தனியாக ஐ.எஸ்.ஓ. 6425 இருக்கிறது, அது இன்னும் கறாரானது. ஆனால் சோதிப்பது புது வாட்சை. ரப்பர் புதுசு, சாவி மூடியிருக்கிறது, கண்ணாடி ஒரு தட்டும் வாங்கவில்லை. அந்த நாளைக்கு அந்த எண் உண்மை. அஞ்சு வருஷம் கழித்தும் உங்கள் கையில் அதே எண் இருக்கும் என்று அந்தத் தரத்தில் எங்கேயும் சொல்லவில்லை.

அருவி வேகமாக அடித்ததால் உள்ளே புகுந்துவிட்டது, கையை வீசி நீந்தினதால் அழுத்தம் கூடிவிட்டது என்று தொழிலில் இருக்கிறவர்களே சொல்வதுண்டு. அதில் எனக்கு ஒப்புதல் இல்லை. கையை வீசுவதால் கூடுகிற அழுத்தம் சொற்பம், நல்ல நிலையில் இருக்கும் நூறு மீட்டர் வாட்ச் அதைச் சுலபமாகத் தாங்கும். நான் திறந்து பார்த்தவற்றில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் காரணம் மூன்றில் ஒன்று: மூடாத சாவி, செத்துப்போன ரப்பர், இல்லையென்றால் பேட்டரி மாற்றின இடத்தில் பின்மூடியைச் சரியாக உட்கார வைக்காதது. முப்பது மீட்டர் என்று போட்டிருந்தால் மழைச்சாரல், கை கழுவுவது, அவ்வளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஐம்பது என்றால் ஒரு முழுக்கு போடலாம். வெந்நீர்க் குளியலும் ஆவிக் குளியலும் எந்த எண்ணுக்கும் ஆகாது, சூடு ரப்பரைத்தான் முதலில் தின்னும்.

விலை கூடின வாட்சுக்கு ஒன்றும் ஆகாது என்கிற இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். விளம்பரத்தில் பொய் இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். 1927 அக்டோபரில் மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற இங்கிலாந்துப் பெண் ஆங்கிலக் கால்வாயை நீந்த இறங்கினார். ரோலெக்ஸ் கம்பெனி தன்னுடைய ஆய்ஸ்டர் வாட்சை அவரிடம் கொடுத்தனுப்பியது. பத்து மணி நேரத்துக்கு மேல் அந்தக் குளிர்த் தண்ணீரில் கிடந்தும் வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த மாசமே லண்டன் 'டெய்லி மெயில்' பத்திரிகையின் முதல் பக்கம் முழுக்க விளம்பரம். நடந்தது நிஜம். ஆனால் அந்த நீச்சலை அவரால் முடிக்க முடியவில்லை, குளிர் தாங்காமல் படகில் ஏற்றிவிட்டார்கள். வாட்சும் அவர் மணிக்கட்டில் இல்லை, கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அது புத்தம் புது வாட்ச், ஒரே ஒரு நாள் சோதனை. 1960 ஜனவரியில் டிரியெஸ்ட் என்ற நீர்மூழ்கி மரியானா அகழியின் அடியில், பத்தாயிரம் மீட்டருக்கும் கீழே இறங்கியபோது வெளிப்பக்கம் ஒரு ரோலெக்ஸ் கட்டியிருந்தது, மேலே வந்தபோதும் ஓடியது. அது அதற்கென்றே செய்த வாட்ச், கண்ணாடி அரை எலுமிச்சை மாதிரி புடைத்திருக்கும். கடையில் நாம் வாங்குவது அதுவல்ல. விளம்பரப் படத்தைப் பார்க்கிற நமக்குப் பேர் மட்டும்தான் மனசில் நிற்கிறது.

ஒமேகா ஸ்பீட்மாஸ்டரைப் பற்றிப் பேசாமல் யாரும் என் மேஜையைத் தாண்டிப் போனதில்லை. நிலாவுக்குப் போன வாட்ச். நாசா அதை 1965ல் வறுத்து எடுத்தது என்றே சொல்லலாம். 93 டிகிரி சூடு, உறைகுளிர், காற்றில்லா வெளி, புவியீர்ப்பைப் போல 40 மடங்கு (40 ஜி) அதிர்ச்சி எல்லாம் கொடுத்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அந்த வாட்சின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் 1971ல் அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலாவில் இரண்டாவது தடவை நடந்துவிட்டு விண்ஓடத்துக்குத் திரும்பியபோது அவர் வாட்சின் கண்ணாடி தெறித்துப் போயிருந்தது. மூன்றாவது நடைக்கு அவர் தன் சொந்தப் புலோவா வாட்சைக் கட்டிக்கொண்டு இறங்கினார். அந்தப் புலோவா 2015ல் 16 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. நாசா சோதித்துத் தேர்ந்தெடுத்த வாட்சுக்கே நிலாவில் கண்ணாடி போயிருக்கிறது என்று படித்த அன்றைக்கு எனக்கு மனசு லேசானது. அதுவரை, விலை உயர்ந்த வாட்ச் ஏதாவது என் கையில் வந்து நின்றால், இது ஏன் கெட்டது என்று எனக்கே ஒரு திகைப்பு வரும். வாட்ச் என்றால் கெடும். அதற்கு நாசா, ஸ்விட்சர்லாந்து என்று விலக்கு கிடையாது.

சரி, விலை எதற்குப் போகிறது? தாங்கும் சக்திக்குப் போவது அதில் கொஞ்சம்தான். உள்ளே சக்கரங்களைப் பிடித்திருக்கும் பாலம் என்கிற தகடுகளின் ஓரத்தைக் கையால் சரிவாகத் தேய்த்து மெருகு போடுகிற வேலை, தங்கம், ஐந்து ஆறு நிலைகளில் வைத்து ஓட்டத்தைச் சரி பார்க்கிற வேலை, டயல் வேலை, பேர். இதில் ஒன்றாவது கீழே விழுந்தால் காப்பாற்றுமா? மிஷின் செய்து விற்கிறவர்களிடம் பல பிராண்டுகள் வாங்கிப் போடுகின்றன, ஒரு லட்ச ரூபாய் வாட்சிலும் மூணு லட்ச ரூபாய் வாட்சிலும் ஒரே குடும்பத்து மிஷினை நான் திறந்து பார்த்திருக்கிறேன். சொல்லப்போனால் விலை ஏற ஏற மென்மையும் ஏறும். மெல்லிய வாட்ச் வேண்டும் என்றால் உள்ளே எல்லாமே மெல்லிசு. ஸ்டாப் வாட்ச் வசதி வேண்டும் என்றால் நூற்றுக்கணக்கில் பாகங்கள், அத்தனையும் எண்ணெய் கேட்கும்.

உறுதிதான் வேண்டும் என்றால் அது சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கிறது. ஜப்பானில் கேசியோ கம்பெனி என்ஜினியர் கிகுவோ இபே, அப்பா வாங்கிக் கொடுத்த வாட்ச் கீழே விழுந்து சிதறினதைப் பார்த்து, விழுந்தால் உடையாத வாட்ச் செய்ய முனைந்தார். ஆபீஸ் மூன்றாம் மாடிக் கழிப்பறை ஜன்னலிலிருந்து மாதிரி வாட்சுகளைக் கீழே போட்டுப் போட்டுப் பார்த்தார். இருநூறுக்கும் மேற்பட்ட மாதிரிகள் உடைந்த பிறகு, 1983ல் ஜி-ஷாக் வந்தது. பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழ வேண்டும், பத்து பார் தண்ணீரைத் தாங்க வேண்டும், பேட்டரி பத்து வருஷம் வர வேண்டும், இதுதான் அவர் வைத்துக்கொண்ட இலக்கு. அப்பா கொடுத்த வாட்ச் உடைந்த துக்கம் என்னவென்று எனக்குத் தெரியும், அதைச் சுமந்துகொண்டு எத்தனையோ பேர் என் மேஜைக்கு வந்திருக்கிறார்கள். அந்தத் துக்கத்துக்கு ஒருத்தர் இப்படி ஒரு பதில் கண்டுபிடித்தார் என்பது எனக்கு எப்போதும் நெகிழ்ச்சி தரும் விஷயம்.

பேட்டரி இல்லாமல் ஸ்பிரிங்கில் ஓடுகிற சாவி வாட்சில் எது உடைகிறது என்று தெரிந்தால் இந்த எதிர்பார்ப்பு கொஞ்சம் தணியும். இதயம் மாதிரி இப்படியும் அப்படியும் ஆடுகிற பேலன்ஸ் சக்கரம் இருக்கிறதே, அதன் அச்சின் இரண்டு நுனியும் தலைமுடி கனம்தான். அந்த நுனி ஒரு சிவப்புக் கல்லின் குழியில் நின்று சுழலும். கை கதவில் இடித்தால் அந்த முழு அடியும் அந்த நுனிக்குப் போகும். 1930களில் இன்காப்ளாக் என்ற ஏற்பாடு வந்தது. கல்லை ஒரு சின்ன வில் கம்பியின் மேல் உட்கார வைத்தார்கள், அடி விழுந்தால் கல் நகர்ந்து கொடுத்துவிட்டுப் பழைய இடத்துக்கு வரும். கண் கண்ணாடியில் பார்த்தால் யாழ் மாதிரி வளைந்த அந்தக் கம்பி அவ்வளவு அழகு. அது வந்த பிறகு அச்சு முறிவது வெகுவாகக் குறைந்தது. ஆனால் அதிர்ச்சி தாங்கும் என்று சொல்வதற்கான தரம், ஐ.எஸ்.ஓ. 1413, ஒரு மீட்டர் உயரத்திலிருந்து மரத்தரையில் விழுவதற்குச் சமமான அடி. நம் வீடுகளில் மரத்தரை எங்கே இருக்கிறது? கிரானைட், மொசைக், டைல்ஸ்.

தவில் வாசிக்கிற ஒரு பெரியவர் என் வாடிக்கையாளர். மகன் துபாயிலிருந்து வாங்கி வந்த ஆட்டோமேட்டிக்கைக் கச்சேரியிலும் கழற்றுவதில்லை. "சுவிஸ் வாட்ச் தம்பி, இதுக்கு என்ன?" என்பார். ஒரு முகூர்த்த மாசம் முடிந்து கொண்டு வந்தார், கையை அசைத்தால் உள்ளே கடகடவென்று சத்தம். ரோட்டரைப் பிடித்திருக்கும் திருகு கழன்று உள்ளேயே உருண்டுகொண்டிருந்தது. இப்போது வாசிக்கிறபோது வாட்சைக் கழற்றி ஒத்து வாசிப்பவரிடம் கொடுத்துவிடுகிறார்.

கண்ணாடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சஃபயர் கண்ணாடியில் கீறல் விழாது என்பது ஏறக்குறைய உண்மை, வைரத்துக்கு அடுத்த வரிசையில் வைக்கும் கடினம். அந்தக் கடினமே விழும்போது அதைத் தூள் தூளாக்கும். தூள் டயலையும் மிஷினையும் சேர்த்துக் கெடுக்கும். பழைய பிளாஸ்டிக் கண்ணாடி கீறும், ஆனால் சிதறாது, பாலிஷ் போட்டால் போய்விடும். ஸ்டீல் கேஸில் கீறல் விழுந்ததென்று வருத்தப்பட்டு வருகிறவர்களுக்கு: மண்ணில் இருக்கிற மணல் ஸ்டீலைவிடக் கடினம். எந்த விலை ஸ்டீலும் கீறும்.

இன்னொன்று காந்தம். செல்போன் உறை, ஸ்பீக்கர், டேப்லெட் மூடி இவற்றின் பக்கத்தில் வைத்துவிட்டு, வாட்ச் திடீரென்று நாளுக்குப் பத்து நிமிஷம் வேகமாக ஓடுகிறது என்று வருவார்கள். பேலன்ஸோடு சேர்ந்த மெல்லிய சுருள் கம்பியான ஹேர் ஸ்பிரிங் காந்தமேறி ஒட்டிக்கொள்வதுதான் காரணம். காந்தத்தை இறக்க ஒரு கருவி இருக்கிறது, சில நொடி வேலை.

நேரம் காட்டுவதிலும் விலைக்கும் துல்லியத்துக்கும் சம்பந்தமில்லை. வாட்சின் ஓட்டத்தைச் சோதிக்கிற சுவிட்சர்லாந்தின் காஸ்க் அமைப்பிடம் சான்றிதழ் வாங்கின சாவி வாட்ச் சராசரியாக நாளுக்கு நாலு நொடி பின்தங்கலாம், ஆறு நொடி முந்தலாம். ஆறு நொடி என்றால் மாசத்துக்கு மூணு நிமிஷம். பேட்டரியில் ஓடுகிற ஆயிரம் ரூபாய் குவார்ட்ஸ் வாட்சுக்குள் இருக்கும் படிகம் நொடிக்கு 32,768 தடவை அதிர்கிறது, மாசத்துக்குப் பதினைந்து நொடி தப்பினாலே அதிகம். "மூணு லட்சம் கொடுத்தும் தப்பா ஓடுது" என்று கோபத்தோடு வருகிறவர்களின் வாட்சை டைமிங் மிஷினில் வைத்துப் பார்ப்பேன், நாளுக்கு நாலு நொடி முந்தும். அருமையான ஓட்டம் அது. அதைப் புரியவைப்பது சரி பண்ணுவதைவிடக் கஷ்டம்.

இப்போது, நான் சொல்ல வந்த விஷயம்.

எங்கள் கடைக்கு ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் வருவார். கையில் எச்.எம்.டி. பைலட், கறுப்பு டயல். 1961ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் தொடங்கின எச்.எம்.டி. வாட்ச் தொழிலுக்கு 2016ல் மூடுவிழா நடத்திவிட்டார்கள். ஆனால் இன்னும் எத்தனையோ கைகளில் அது ஓடுகிறது. வாத்தியார் அதை 1978ல் வாங்கினார், தினமும் காலையில் காபி குடித்த கையோடு சாவி கொடுப்பார். அன்றைக்கு அந்தச் சிங்கப்பூர்த் தம்பி தன் வாட்சைப் பார்க்க மறுபடி வந்திருந்தபோது இவரும் உட்கார்ந்திருந்தார். பேச்சு அப்படியே அதில் போனது.

"அந்தக் காலத்துப் பொருள்பா. நாப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல கட்டுறேன். ஒரு நாள் ஒண்ணு ஆனதில்ல. இப்ப வர்றதெல்லாம் பேருக்குத்தான்" என்றார் வாத்தியார், தம்பியைப் பார்த்து. தம்பி முகம் சுருங்கிப்போனது.

நான் ஒன்றும் பேசாமல் வாத்தியாரின் வாட்சைக் கேட்டு வாங்கினேன். பின்மூடியைத் திறந்து, மூடியின் உள்பக்கத்தை விளக்குக்கு நேரே திருப்பி, கண் கண்ணாடியை அவர் கையில் கொடுத்தேன். "பாருங்க சார்."

வாட்ச் ரிப்பேர்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சர்வீஸ் பண்ணினால் பின்மூடியின் உள்பக்கம் ஊசியால் தேதியும் தன் அடையாளமும் சின்னதாகக் கீறி வைப்பார்கள். அடுத்துத் திறக்கிற ஆளுக்கு அது கடிதம் மாதிரி. வாத்தியாரின் மூடியில் பத்து வரி இருந்தது. 3/81. 11/84. 6/88. 91, 95. இந்த ஐந்தும் என் அப்பாவின் கை. எட்டின் வயிறு ஒடுங்கியிருப்பதை வைத்தே அவருடையது என்று எனக்குத் தெரியும். அதற்குக் கீழே 99லிருந்து 2019 வரை ஐந்து, என்னுடையவை.

நான் வரிசையாகச் சொன்னேன். மெயின் ஸ்பிரிங் இரண்டு தடவை மாற்றினது. பள்ளிக்கூட சைக்கிள் ஸ்டாண்டில் விழுந்து பேலன்ஸ் அச்சு முறிந்து ஒரு தடவை போட்டது, டயலில் 'பாரா ஷாக்', அதாவது அடி தாங்கும் என்று எழுதியிருந்தும். சாவி மூன்று. கண்ணாடி நாலு. ஒவ்வொரு தடவையும் முழுக்கப் பிரித்துக் கழுவி எண்ணெய் விட்டது. வாத்தியார் வெகு நேரம் கண் கண்ணாடியை எடுக்கவில்லை. "இது அவரு எழுத்தா?" என்று கேட்டார். அப்பா போய்ப் பதினேழு வருஷம் ஆகிறது. வாத்தியாரும் அப்பாவும் ஒரே வயசுக்காரர்கள்.

அவர் சொன்னதில் பொய்யில்லை. அவர் நினைவில் வாட்ச் ஒரு நாளும் கெடவில்லை. கெடுவதற்கு முன்னாலேயே நாலு அஞ்சு வருஷத்துக்கு ஒரு முறை அதைக் கொண்டுவந்து எங்கள் மேஜையில் வைத்திருக்கிறார், அது அவருக்குத் தீபாவளிக்கு வெள்ளையடிப்பது மாதிரி வழக்கமான காரியம். அதனால் நினைவில் தங்கவில்லை. நூற்று ஐம்பது ரூபாய் சர்வீஸ் என்பதால் யோசிக்கவும் இல்லை. மூணு லட்ச ரூபாய் வாட்சை யாரும் அப்படிக் கொண்டு வருவதில்லை. நின்ற பிறகுதான் வருகிறார்கள்.

ஏன் நாலு அஞ்சு வருஷம் என்று கேட்பார்கள். இன்றைக்கு வருகிற பெரும்பாலான சுவிஸ் வாட்சுகளின் பேலன்ஸ் மணிக்கு 28,800 தடவை ஆடும். நாளுக்கு 6,91,200. வருஷத்துக்கு 25 கோடிக்கும் மேல். நம் இதயம் நாளுக்கு ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. இத்தனை ஆட்டத்தையும் தாங்குவது கல் குழியில் இருக்கிற எண்ணெய், கடுகின் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. அந்த எண்ணெய் காய்ந்தால் வாட்ச் உடனே நிற்பதில்லை, அதுதான் ஆபத்து. ஓடிக்கொண்டே தன்னைத்தானே தேய்த்துக்கொள்ளும். உலோகத்தூளும் காய்ந்த எண்ணெயும் சேர்ந்து கறுப்பு மை மாதிரி ஆகி, அச்சு நுனியை அரைக்கும். ஒமேகா தன் வாட்சுகளுக்கு ஐந்திலிருந்து எட்டு வருஷத்துக்கு ஒரு முறை சர்வீஸ் என்கிறது, ரோலெக்ஸ் ஏறக்குறைய பத்து வருஷம் என்கிறது. செய்தவர்களே சொல்வது இது. அம்மா தையல் மிஷினுக்கு வெள்ளிக்கிழமை தோறும் எண்ணெய் விடுவாள், அதன் மேல் நம்பிக்கை இல்லாமலா விட்டாள்?

சர்வீஸ் செலவு பெரிது என்பதை நான் மறுக்கவில்லை. பல சுவிஸ் கம்பெனிகள் எங்களைப் போன்ற தனி மேஜைகளுக்கு ஸ்பேர் விற்பதில்லை. அவர்கள் சென்டருக்கே அனுப்ப வேண்டும், மாசக்கணக்கில் ஆகும், பல்லாயிரம் ஆகும். வாங்குகிற அன்றைக்கு இதை யாரும் சொல்வதில்லை என்பதில் எனக்கு மனக்குறை உண்டு. பில் போடுகிறபோதே, "இது ஆறு ஏழு வருஷத்தில் இவ்வளவு கேட்கும்" என்று சொல்லிவிட்டால், அந்தத் தம்பி மாதிரி ஆட்கள் கொஞ்சம் குறைந்த விலையில் வாங்கி மீதியை வைத்திருப்பார்கள்.

அவர் வாட்சுக்கு வருகிறேன். பல பிராண்டுகள் பயன்படுத்துகிற மிஷின் என்பதால் ஸ்டெம் என்னிடமே இருந்தது. முழுக்கப் பிரித்துக் கழுவினேன், துரு ஏறின இரண்டு பாகங்களை மாற்றினேன், மூன்று இடத்தில் புது ரப்பர். மிஷினை எடுத்துவிட்டு வெறும் கேஸை மட்டும் மூடி, சோதனைக் குழாயில் தொங்கவிட்டேன். அவரையும் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். முதலில் காற்றில் வைத்து அழுத்தம் ஏற்றி, பிறகு கேஸைத் தண்ணீருக்குள் இறக்கி, அழுத்தத்தை மெதுவாகக் குறைக்க வேண்டும். எங்காவது ஓட்டை இருந்தால் உள்ளே புகுந்த காற்று அந்த இடத்திலிருந்து குமிழ் குமிழாக வரும். முதலில் சாவியில் பழைய ரப்பரையே மறுபடி போட்டு, திருகாமல் வைத்துக் காட்டினேன். சாவிப் பக்கத்திலிருந்து ஊதுபத்திப் புகை மாதிரி வரிசையாகக் குமிழ். அடுத்து புது ரப்பர் போட்டுத் திருகி வைத்தேன். இரண்டு பேரும் ஒரு நிமிஷத்துக்கு மேல் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒரு குமிழ்கூட வரவில்லை.

டயலில் நாலு மணிக்குப் பக்கத்தில் நீர்த்துளி இருந்த இடம் மட்டும் போகவில்லை. சோற்றுப் பருக்கை அளவில் லேசாக மங்கியிருக்கிறது. டயல் மாற்றலாம், கம்பெனிக்கு அனுப்பினால் கிடைக்கும் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார்.

புது வாட்சுகளில் நான் இப்போது கீறுவதில்லை. துடைத்தால் அழிகிற மெல்லிய மார்க்கரில் எழுதுவேன். மூடியைப் போடப் போனபோது, "அண்ணே, வாத்தியாருக்குப் போட்ட மாதிரியே ஊசியால போடுங்க" என்றார். அழியாது தம்பி, விற்கப் போனால் விலை குறையும் என்றேன். "நான் எங்கண்ணே விக்கப் போறேன்" என்றார்.

அப்பாவின் ஊசியை எடுத்து மாசமும் வருஷமும் கீறினேன். கீழே நிறைய இடம் இருந்தது. மூடிக் கொடுத்ததும் கையில் கட்டிக்கொண்டு கடைப்படி இறங்கினார். தெருவில் நின்று, திரும்பி என்னைப் பார்த்தபடியே, சாவியைப் பிடித்து வெளியே இழுத்துப் பார்த்தார். வரவில்லை. தலையசைத்துவிட்டுப் போனார்.